எந்தக் கைப்பிடியை எடுப்பது?

அமெரிக்காவில் நான்கு ஆண்டுகள் கார் ஓட்டிப் பழகிவிட்டுப் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த முதல் வாரத்தில், ஒரு பெட்ரோல் பங்கில் கறுப்புக் கைப்பிடி கொண்ட குழாயை எடுத்து, என் பெட்ரோல் காரின் டேங்க் வாயில் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தேன். அது நுழைய மறுத்தது. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், உள்ளே இருக்கும் மூடித்தகடு இறுகிக் கிடக்கிறது போலும் என்று எண்ணிச் சற்று அழுத்தியும் பார்த்தேன். அப்போது தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில், "நான்காம் எண் பம்பில் நிற்பவர் கவனிக்கவும், உங்களுடையது டீசல் காரா?" என்று கல்லாவில் இருந்த பெண்மணி கேட்டார். பக்கத்து பம்பில் நின்றவர்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். குழாயை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, ஏதோ யோசனையில் இருந்தவன்போல் பச்சைக் கைப்பிடியை எடுத்தேன்.

அமெரிக்காவில் பச்சைக் கைப்பிடி பெரும்பாலும் டீசலைக் குறிக்கும். அது சட்டமன்று, வழக்கம்தான். தம் நிறுவன நிறமே பச்சை என்பதால் பெட்ரோலுக்குப் பச்சைக் கைப்பிடி வைத்திருக்கும் பங்குகளும் அங்கே உண்டு. ஆனால் நான் பெட்ரோல் போட்ட இடங்களிலெல்லாம் பச்சை என்றால் டீசல் என்பதே வழக்கமாக இருந்ததால், 'பச்சையைத் தொடாதே, கறுப்பை எடு' என்று கை தானாகவே கற்றுக்கொண்டிருந்தது. பிரிட்டனிலோ பச்சை பெட்ரோலுக்கும் கறுப்பு டீசலுக்கும் உரியவை. ஜப்பானில் சாதாரண பெட்ரோல் சிவப்பு, உயர் ஆக்டேன் பெட்ரோல் (அழுத்தும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பது) மஞ்சள், டீசல் பச்சை. சவூதி அரேபியாவில் 91 ஆக்டேன் பெட்ரோலுக்குப் பச்சையும் 95-க்குச் சிவப்பும் அடையாளம். பிரான்சில் மஞ்சள் கைப்பிடியில் டீசல் வரும். அமெரிக்காவில் அதே மஞ்சளில் பல இடங்களில் எத்தனால் மிகுதியாகக் கலந்த ஈ85 வரும். மலேசியாவில் அந்த மஞ்சளிலேயே ஆக்டேன் 95 பெட்ரோல் வரும். ஓரிடத்தில் நிறத்தை நம்பிப் பழகியவர் இன்னோரிடத்தில் அதே நம்பிக்கையோடு கையை நீட்டும்போதுதான் தவறு நேர்கிறது. ஆகவே, பெரும்பாலும் தவறு செய்பவர் அனுபவம் இல்லாதவர் அல்லர், வேறொரு நாட்டில் அனுபவம் பெற்றவர் என்பதே என் கணிப்பு.

பிரிட்டனில் என்னைக் காப்பாற்றியது என் அறிவு அன்று, குழாயின் பருமன்தான். டீசல் குழாயின் முனை ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் விட்டமுடையது. பெட்ரோல் குழாயினுடையது ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். பெட்ரோல் கார்களின் டேங்க் வாய் சிறியதாக இருப்பதால் டீசல் குழாய் பொதுவாக அதனுள் போகாது. ஈயம் கலந்த பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியைக் கெடுத்துவிடும் என்பதால், 1970களின் நடுவில் அமெரிக்காவில் ஈயமற்ற பெட்ரோலுக்கென்று கொண்டுவரப்பட்ட குறுகிய வாய் அது. ஈயம் போய்விட்டது, வாய் மட்டும் குறுகியபடியே நின்று, இன்று டீசலைத் தடுக்கும் காவலாக உதவுகிறது. ஆனால் இந்தக் காவல் ஒருவழிப் பாதை. டீசல் காரின் அகன்ற வாயில் பெட்ரோலின் மெல்லிய குழாய் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். சில புதிய டீசல் கார்களில் அகன்ற முனை தொட்டால் மட்டுமே திறக்கும் தகடு வைத்திருக்கிறார்கள் என்றாலும், நாம் ஓட்டும் காரில் அது இருக்கிறது என்று நம்பி இறங்குவதற்கில்லை. கெடுதி அதிகம் விளைவது எந்தப் பக்கமோ, அந்தப் பக்கக் கதவுதான் திறந்து கிடக்கிறது.

அந்தத் திறந்த கதவின் வழியாகவும் ஒருமுறை நான் நுழைந்திருக்கிறேன். அதற்குமுன், அங்கே என்னை இட்டுச்சென்ற சொற்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்கர் 'காஸ்' என்றால் பெட்ரோல். இத்தாலியில் 'கசோலியோ' என்றால் டீசல். பெட்ரோலுக்கு அங்கே 'பென்சினா' என்று பெயர். பிரான்சில் 'கசோல்' டீசல், 'சான் ப்ளோம்' என்னும் ஈயமற்றது பெட்ரோல். ஸ்பெயினில் 'கசோலினா' பெட்ரோல், 'கசோலெயோ' டீசல். ரோமன் எழுத்தில் முதல் ஐந்து எழுத்துகள் இரண்டிற்கும் ஒன்றுதான், அவசரத்தில் கண் அதற்கு மேல் படிப்பதில்லை. இவற்றையெல்லாம் விஞ்சுவது 'நாஃப்தா' என்ற சொல். செக் நாட்டில் நாஃப்தா டீசலைக் குறிக்கும்; அர்ஜென்டினாவில் அதே சொல் பெட்ரோலைக் குறிக்கும். ருமேனியாவில் டீசலுக்கு 'மோட்டோரினா' என்று பெயர். இந்தோனேசியாவில் 'சோலார்' என்று எழுதியிருந்தால் சூரிய மின்சாரம் அன்று, டீசல்தான்.

ஜப்பானில் நடக்கும் குழப்பம் இன்னும் நுட்பமானது. அங்கே டீசலுக்கு 'கெய்யு' என்று பெயர். இலகுவான எண்ணெய் என்பது அதன் சொற்பொருள். சிறிய எஞ்சின் கொண்ட கார்களை 'கெய்' கார் என்கிறார்கள். எழுத்தும் அதே எழுத்து. கெய் காருக்குக் கெய்யுதானே பொருத்தம் என்று, ஜப்பானியர்களே டீசலைப் போட்டுவிட்டு உதவிக்கு அழைப்பதுண்டு. தாய்மொழியிலேயே இப்படி என்றால், அந்த எழுத்தைப் படமாக மட்டுமே பார்க்கத் தெரிந்த நம்மைச் சொல்ல வேண்டியதில்லை.

பொருளை விட்டுச் சற்று விலகினாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெர்மானியர் பெட்ரோலைப் 'பென்சின்' என்பதைக் கேட்டு, காரை உருவாக்கிய கார்ல் பென்ஸ் என்பவரின் பெயரால் வந்தது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அந்தச் சொல் அவர் பிறப்பதற்கு முன்பே, 1833-இல், மிட்செர்லிஹ் என்ற வேதியியலர் பென்சாயிக் அமிலத்திலிருந்து பிரித்தெடுத்த திரவத்திற்கு இட்ட பெயர். அந்த அமிலமோ பென்சாயின் என்னும் பிசினிலிருந்து கிடைத்தது. பென்சாயின் பிசின் என்பது வேறொன்றுமில்லை, நாம் புகை போடும் சாம்பிராணி.

நம் மொழியும் இதில் நமக்கு உதவுவதில்லை. நாம் டீசல் கார் வைத்திருந்தாலும் 'பெட்ரோல் பங்க்' என்றே சொல்கிறோம். 'போகும் வழியில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம்' என்கிறோம். ஸ்பெயினில் வேலை பார்த்த காலத்தில், வாரக் கடைசிக்காக ஒரு காரை வாடகைக்கு எடுத்துச் சுற்றிவிட்டுத் திரும்பிக் கொடுக்கும் விடியற்காலையில், என் மனத்தில் ஓடிய வாக்கியமும் அதுதான். டேங்கை நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். என் சொந்த கார் பெட்ரோலில் ஓடுவது. பல மாதங்களாக நான் பச்சைக் கைப்பிடியை எடுத்துப் பழகியவன். வாடகைக் கார் டீசல் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாள் அலுவலர் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஆனால் தூக்கக் கலக்கத்தில், பெட்ரோல் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இறங்கியவன் பெட்ரோலையே போட்டேன்.

மீட்டர் பதினான்கு லிட்டரைத் தாண்டியபோது, திறந்திருந்த டேங்க் மூடியின் உட்புறம் பார்வை போயிற்று. அங்கே ஒரு சிறிய சதுரத்திற்குள் 'பி7' என்று அச்சிட்டிருந்தது. என் கையிலிருந்த குழாயின் மேல் ஒரு வட்டம், அதற்குள் 'ஈ5'. சதுரமும் வட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. கை தானாகத் தளர்ந்தது, பாய்ச்சல் நின்றது. முதலில் தோன்றியது வெட்கக்கேடான ஓர் எண்ணம்: மீதி இடத்தை டீசலால் நிரப்பிவிட்டால் கலந்து சரியாகிவிடாதா, காரைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமே. அதைச் செய்யாமல் தடுத்தது என் நேர்மை என்று சொல்ல ஆசைதான். உண்மையில், என் முகத்தைப் பார்த்தே நடந்ததைப் புரிந்துகொண்டு உள்ளிருந்து விரைந்து வந்த பெரியவர்தான் காரணம். அவர் முதலில் செய்த காரியம், என் கையிலிருந்த சாவியைச் சுட்டி, சாவி திருகுவதுபோல் விரல்களை அசைத்து, 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையை ஆட்டியது.

அந்த ஒரு சைகையின் மதிப்பு பின்னர்தான் எனக்கு விளங்கியது. இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருளை அழுத்தித் தள்ளும் பம்ப், 2000 பார் அளவுக்கு அழுத்தம் கொடுக்கும். கார் டயரில் நாம் வைத்திருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அத்தனை அழுத்தத்தில் உராயும் உலோகப் பகுதிகளுக்கு மசகு எண்ணெயாக இருப்பதும் அந்த டீசலேதான். டீசல் சற்றே எண்ணெய்ப்பசை கொண்டது. பெட்ரோலோ பிசுக்கைக் கழுவும் கரைப்பான். பெட்ரோல் உள்ளே போனதும் பம்பின் பகுதிகள் உலர்ந்து உரசி, நுண்ணிய உலோகத்தூள் உதிர்ந்து, அது எரிபொருள் செல்லும் வழியெல்லாம் பரவி, எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரை போய்ச் சேரும். பிறகு டேங்கைக் கழுவினால் போதாது, பம்பு முதல் இன்ஜெக்டர் வரை மாற்ற வேண்டியிருக்கும். டேங்கில் மட்டும் பெட்ரோல் இருக்கும் வரை அது ஒரு தொல்லை. சாவியைத் திருகி அது டேங்கை விட்டு நகர்ந்துவிட்டால் அது பேரிழப்பு. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை ஒரு படி திருகினாலும் டேங்கினுள் இருக்கும் சிறிய பம்ப் ஓடத் தொடங்கும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கியரை நியூட்ரலில் வைத்து, நானும் அந்தப் பெரியவரும் லாரியிலிருந்து இறங்கி வந்த ஓட்டுநர் ஒருவரும் காரை ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம்.

ஒரு மணி நேரத்தில் சிறிய வேனில் மெக்கானிக் ஒருவர் வந்தார். காரின் உடலில் ஒரு கம்பியைக் கவ்வி மாட்டி மண்ணோடு இணைத்தார். நிலைமின் பொறி ஒன்று பறந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும் அல்லவா? பிறகு ஒரு நீண்ட குழலை டேங்கிற்குள் விட்டு உறிஞ்சி எடுத்தார். முதலில் வந்ததை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். பெட்ரோல் மேலேயும் டீசல் கீழேயுமாகப் பிரிந்து நிற்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. பாலில் தண்ணீர் கலந்ததுபோல் இரண்டும் ஒன்றாகி, எது எது என்று தெரியாத மங்கிய மஞ்சளாக இருந்தது. வாடை மட்டும் பெட்ரோல் வாடை. கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு, ஃபில்டரை மாற்றி, புதிய டீசலை ஊற்றி, மூன்று முறை சாவியை ஒரு படி மட்டும் திருகி நிறுத்திய பின்னரே எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். கிளம்பியது. செலவு முழுவதும் என்னுடையது. தவறான எரிபொருளைப் போடுவதால் விளையும் சேதம் காப்பீட்டில் அடங்காது என்ற வரி, நான் படிக்காமல் கையெழுத்திட்ட தாளின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. படித்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

அந்தச் சதுரமும் வட்டமும் 2018 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அண்டை நாடுகள் சிலவற்றிலும் நடைமுறைக்கு வந்தவை. பெட்ரோல் வகை என்றால் வட்டம், டீசல் வகை என்றால் சதுரம், வாயு எரிபொருள் என்றால் சாய்சதுரம். உள்ளே உள்ள எழுத்தும் எண்ணும் உயிரி மூலத்திலிருந்து வந்த பகுதியின் உச்ச அளவைச் சொல்லும்: ஈ10 என்றால் பத்து விழுக்காடு வரை எத்தனால், பி7 என்றால் ஏழு விழுக்காடு வரை பயோடீசல். புதிய கார்களின் டேங்க் மூடியிலும் பம்பிலும் குழாயிலும் ஒரே வடிவம் இருக்க வேண்டும் என்பது விதி. மொழியும் வேண்டாம், நிறமும் வேண்டாம், வடிவத்தைப் பொருத்தினால் போதும் என்ற இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அதன் எல்லைக்கு வெளியே உள்ள பெரும்பகுதி உலகில் இது இல்லை. ஸ்பெயினிலேயே கூட, கசோலெயோவில் ஏ, பி என்று பிரிவுகள் உண்டு. ஏ என்பது சாலை வண்டிகளுக்கு, பி என்பது வரிச்சலுகையோடு உழவு எந்திரங்களுக்கு விற்கப்படும், சிவப்புச் சாயம் கலந்த டீசல். கிராமப்புறப் பங்கில் அதைக் காரில் போட்டால் எஞ்சின் ஓடும், சட்டம் ஓடவிடாது.

பெட்ரோல்தான் வேண்டும் என்று உறுதியான பின்னும் எண்கள் காத்திருக்கின்றன. காரின் கையேட்டில் குறைந்தது 95 ஆக்டேன் என்று போட்டிருக்கிறது. அமெரிக்க பம்பிலோ 87, 89, 93 என்றுதான் இருக்கிறது. 93-ஐயே போட்டும் இரண்டு குறைகிறதே என்று கவலைப்பட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். உலகின் பெரும்பாலான நாடுகள் ஆய்வுமுறை ஆக்டேன் எண்ணை மட்டும் எழுதுகின்றன; அமெரிக்காவும் கனடாவும் அதையும், கடுமையான சூழலில் அளக்கும் மோட்டார்முறை எண்ணையும் கூட்டிப் பாதியை எழுதுகின்றன. அதனால் அமெரிக்க 87 மற்ற நாடுகளில் ஏறத்தாழ 91 அல்லது 92. அமெரிக்க 91 ஏறத்தாழ 95. ஆக்டேன் என்பது வலிமையின் அளவும் அன்று, தூய்மையின் அளவும் அன்று. அழுத்தும்போது பொறி விழும் முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் திறன்தான் அது. டீசல் எஞ்சினுக்கோ, அழுத்தினால் தானே பற்றிக்கொள்வதுதான் வேண்டியது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான குணங்கள். காருக்கு வேண்டியதற்கு மேல் ஆக்டேன் போடுவதால் பலன் ஏதும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறைவாகப் போடுவதுதான் கவனிக்க வேண்டியது.

எத்தனால் கலப்பு இன்னொரு கண்ணி. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோலே ஈ10 ஆகிவிட்டது. பழைய கார் வாங்கி ஓட்டும் புதியவர்கள், அந்தக் கார் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு, இல்லையென்றால் ஈ5 எழுதிய உயர்வகைப் பெட்ரோலைத் தேட வேண்டும். பிரேசிலில் 'கசோலினா' என்று விற்கப்படுவதிலேயே எத்தனாலின் பங்கு 2025 ஆகஸ்ட் முதல் 30 விழுக்காடு. பக்கத்துக் குழாயில் வருவது முற்றிலும் எத்தனால். அங்கே ஓடும் பெரும்பாலான கார்கள் இரண்டையும் ஏற்கும்படி கட்டப்பட்டவை என்பதால் எதைப் போட்டாலும் தொல்லை இல்லை. அந்தத் துணிச்சலோடு வேறு நாட்டில் ஈ85 குழாயைத் தொடக் கூடாது.

டீசல் கார் வைத்திருப்போர் இன்னொரு மூடியையும் அறிந்திருக்க வேண்டும். நீல நிற மூடி கொண்ட அந்தச் சிறு வாய், ஆட்புளூ எனப்படும் யூரியாக் கரைசலுக்கு உரியது, 32.5 விழுக்காடு யூரியா, மீதி தூய நீர். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காகப் புகைக்குழாயில் தெளிக்கப்படுவது. அதை டீசல் டேங்கில் ஊற்றுவது, பெட்ரோலை ஊற்றுவதைவிடவும் மோசமானது. யூரியா உப்பாகப் படிந்து, குழாய்களை அடைத்து, உலோகத்தை அரிக்கும். இது கேனில் விற்கப்படுவதால், 'டீசல் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று' என்று எண்ணி ஊற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். குளிர்நாட்டு டீசலுக்கும் ஒரு வார்த்தை: குளிர்காலத்தில் பனிமலைக்குப் போகிறீர்கள் என்றால், வெப்பமான சமவெளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு போகாமல், மேலே போய் அங்குள்ள குளிர்கால டீசலைப் போடுங்கள். வெப்பப் பகுதி டீசலில் உள்ள மெழுகு கடும் குளிரில் உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும்.

ஆள் நின்று போட்டுவிடும் நாடுகளில் இந்தப் பொறுப்பு பாதி குறைகிறது. பிரேசிலில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1949 முதலும், வண்டிக்காரர் தாமே போட்டுக்கொள்ள அனுமதி இல்லை. பாதிதான் குறைகிறது என்கிறேன், ஏனெனில் அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாம். தெரியாத மொழியில் 'ஆம், ஆம்' என்று சிரித்துத் தலையாட்டினால் அவர் கேட்டது எதுவோ அது உள்ளே போய்விடும். நான் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை, இறங்கிப்போய் மூடியைத் திறந்து உள்ளே எழுதியிருப்பதை விரலால் காட்டிவிடுகிறேன்.

போன மாதம் மீண்டும் ஒரு வாடகைக் காரை எடுத்தபோது, சாவியை வாங்கியதும் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தைக் குனிந்து இரண்டு மூன்று படங்கள் எடுத்தேன். அலுவலகத்திலிருந்து இளைஞர் ஒருவர் கையில் பதிவுத் தாளோடு ஓடி வந்து, தானும் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "அங்கே கீறல் எதுவும் இல்லையே, ஐயா" என்றார்.